கையெழுத்திட்டவர்கள் படித்தவர்களே

நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க க.பொ.த. சாதாரண தரமாவது சித்தியடைந்திருக்க வேண்டும், பட்டதாரியாக இருந்தால் இன்னும் நல்லது என்ற பேச்சு இலங்கையில் அடிக்கடி எழுகிறது. சபைக்குள் மிளகாய்த் தூள் வீசப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், இதை ஆதரிப்பதில் வியப்பில்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான ஆட்கள் மீது போய் விழுகிறது. இந்த நாட்டை வங்குரோத்தாக்கிய முடிவுகளைப் படிப்பில்லாதவர்கள் எடுக்கவில்லை.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. அப்போதும் சர்வதேச நாணய நிதியத்திடம் போவதைத் தள்ளிப்போட்டு, மிஞ்சியிருந்த டொலரையும் கடனுக்கே கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

இதற்கு யார் பொறுப்பு என்பதை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச மூவரும் பொதுமக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்தார்கள் என்பது தீர்ப்பின் ஒரு பாதி. மறுபாதியை நாம் போதிய அளவு வாசிக்கவில்லை. மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், திறைசேரியின் முன்னாள் செயலாளர், ஜனாதிபதியின் முன்னாள் செயலாளர், நாணயச் சபை என்று பொறுப்பாளிகளின் பட்டியல் நீண்டது. அந்த ஆளுநர்களில் ஒருவர் பட்டயக் கணக்காளர். மற்றவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பொருளியல் பேராசிரியர். ஜனாதிபதியின் செயலாளர் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இவர்களைவிடப் படித்தவர்களை எங்கே போய்த் தேடுவது?

கோட்டாபயவுக்கு ஆட்சிப் பாதை அமைத்ததிலும் கற்றவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ‘வியத்மக’ என்ற பெயரில் பேராசிரியர்களும் தொழில்வல்லுநர்களும் திரண்டார்கள். அவர்களில் பலர் 2020 இல் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது, அது அறிவியலின் பெயராலேயே நியாயப்படுத்தப்பட்டது. பெரும்போக நெல் படுத்தது, தேயிலை விளைச்சல் விழுந்தது. விவசாய விஞ்ஞானிகள் பலர் முன்கூட்டியே எச்சரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே அப்படிப் பேசியவர்களில் ஒருவர். விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. அன்று நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக எழுந்து அவருக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். படித்த வர்க்கம் செய்யத் தவறிய காரியங்களில் நாம் மிகப் பெரிதாகக் கருதுவது இதைத்தான்.

படிப்பையே அரசியலுக்குத் தகுதியாகக் கருதுவது நேற்று முளைத்த நோயல்ல. பிரித்தானிய ஆட்சியில் அரசியலமைப்பைச் சீர்திருத்த டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, சொத்தும் கல்வியும் உள்ளவர்களுக்கே வாக்குரிமை போதும் என்று வாதாடியவர்கள் அன்றைய கற்றறிந்த தலைவர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். எல்லோருக்கும் வாக்கு என்று கேட்டது ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம். 1931 இல் அந்த உரிமை கிடைத்தது. மக்களின் வாக்கால் அமைந்த அரசாங்க சபையில் இருந்துதான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் பிறந்தது. வாக்கு முந்தி வந்தது, பள்ளிக்கூடம் அதன் பின்னால் வந்தது.

பிறகு நடந்ததையும் பாருங்கள். 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒக்ஸ்போர்ட்டில் படித்த பண்டாரநாயக்க. 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசில், அதே ஆண்டில், அமைச்சராகப் போய் அமர்ந்தவர் கேம்பிரிட்ஜில் படித்த ஜீ.ஜீ. பொன்னம்பலம். அப்புக்காத்துமாரின் கையிலேயே அரசியலை ஒப்படைத்து வந்த தமிழர்களாகிய நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கல்வித் தகைமையைச் சட்டமாக்கினால் முதலில் வெளியே தள்ளப்படுவது யார்? தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்றது. அதற்கு முன் லயத்தில் வளர்ந்து, சில வகுப்புகளோடு கொழுந்து பறிக்கப் போன பெண்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். போரில் படிப்பை இழந்த வன்னிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்வியைக் கொடுக்கத் தவறிய அரசு, அந்தக் கல்வி இல்லை என்று சொல்லி அவர்களின் உரிமையைப் பறிப்பது இரட்டைக் கொடுமை. அப்படிப்பட்ட எந்தத் திருத்தத்தையும் நாம் எதிர்ப்போம். சபைக்குப் பட்டம் தேவை என்ற மனநிலை வேறு கேட்டையும் தருகிறது. 2024 டிசம்பரில் புதிய சபாநாயகர், தன் கலாநிதிப் பட்டத்துக்கான ஆவணங்களைக் காட்ட முடியாமல் சில வாரங்களிலேயே பதவி விலக நேர்ந்தது. அந்தப் பதவிக்குக் கலாநிதிப் பட்டம் எந்த வகையிலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

தேவைப்படுவது வேறொரு கட்டுப்பாடு. வரி, கடன், விவசாயம் போன்றவற்றில் பெரிய முடிவு எடுக்கும் முன் அதிகாரிகளும் நிபுணர்களும் கொடுக்கும் ஆலோசனை எழுத்தில் இருக்க வேண்டும். அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அமைச்சர் அதை மீறினால் காரணத்தை எழுத வேண்டும். அதிகாரி தலையாட்டியிருந்தால் அவருடைய பெயரும் அங்கே இருக்க வேண்டும். எச்சரித்த ஆசிரியரின் பதவியில் எந்த அமைச்சரும் கைவைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பில் பொறுப்பாளிகள் என்று காணப்பட்ட எவரும் அந்தத் தீர்ப்பால் சிறை செல்லவில்லை. வழக்குச் செலவாக மனுதாரர்களுக்கு 150,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவானது, அவ்வளவுதான். மிச்சக் கணக்கைக் கேட்க வேண்டியது நாடாளுமன்றம். வடக்கு, கிழக்கு, மலையக உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது இது: அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து, 2019 டிசம்பர் வரிக் குறைப்புக்கு ஆலோசனை சொன்ன ஆவணங்களைச் சபையில் வைக்கும்படி கேளுங்கள்.