போரா வல்லரசாக்கியது?

பெரும் போர் ஒன்றில் இறங்கி வாகை சூடாத நாடு உலக வல்லரசாக முடியாது என்று பேசுவோர் எக்காலத்திலும் உளர். அவர்கள் எடுத்துக்காட்டும் முதற் சான்று ஐக்கிய அமெரிக்கா. 1914இல் உலக அரசியலின் ஓரத்தில் நின்ற நாடு அது. இரண்டு பெரும் போர்களில் இறங்கியது. 1945இல் உலகின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தது. ஆகவே போரே அதனை உயர்த்தியது என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தைக் கேட்டு மயங்கும் இளைஞரும் உளர். அதனாலேயே இதனை மறுத்துரைக்க முன்வருகிறோம்.

ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதனால் முன்னையது பின்னையதற்குக் காரணமாகிவிடாது. சேவல் கூவியபின் பொழுது விடிகிறது. எனினும் சேவலே சூரியனை எழுப்பிற்று என்று எந்தக் கமக்காரரும் நம்புவதில்லை. ஆகவே ஆரவாரத்தை விடுத்து, இவ்வழக்கின் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

போருக்கு முன்னரே இருந்த வலிமை

1913ஆம் ஆண்டில் அமெரிக்கா உற்பத்தி செய்த உருக்கு, பிரித்தானியாவும் ஜேர்மனியும் சேர்ந்து உற்பத்தி செய்ததிலும் அதிகம். அப்போது அதன் தரைப்படையோ ஓர் இலட்சம் பேரளவினதே. படையால் சிறிய நாடு, பட்டறையால் பெரிய நாடாக ஏற்கெனவே வளர்ந்திருந்தது.

அவ்வளர்ச்சி எங்கிருந்து வந்தது? 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், நிலத்தில் குடியிருந்து பயிர் செய்ய முன்வந்த குடும்பத்திற்கு 160 ஏக்கர் வழங்கியது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் அது என்னும் கறையை நாம் மறைக்கப் போவதில்லை. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், அரச நிலத்தை மாநிலங்களுக்கு அளித்து, அதன் வருவாயால் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழ வழிசெய்தது. 1869இல் இருப்புப்பாதை கிழக்கையும் மேற்கையும் இணைத்தது. வயல், கல்லூரி, பாதை, ஆலை ஆகிய இவையே அந்நாட்டின் அத்திவாரம்.

முதற் போரின் கணக்கு

1914 ஆகஸ்டில் ஐரோப்பா தீப்பற்றியபோது அமெரிக்கா அதற்குள் குதிக்கவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக வெளியே நின்று கோதுமையும் பருத்தியும் வெடிமருந்தும் விற்றது. 1915 முதல் பிரித்தானிய அரசின் கொள்முதல் முகவராக நியூயோர்க்கின் மோர்கன் வங்கி பணியாற்றியது. அவ்வாண்டிலேயே பிரித்தானியாவும் பிரான்சும் அமெரிக்கச் சந்தையில் 50 கோடி டொலர் கடன் திரட்டின. அதுவரை உலகுக்கெல்லாம் கடன் கொடுத்த இலண்டன், தன் கையிலிருந்த அமெரிக்கப் பங்குகளையும் பத்திரங்களையும் விற்றுப் போர்ச் செலவை ஈடுசெய்ய நேர்ந்தது.

1917 ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கியது. அதன் இறப்பு நோயால் மாண்டோரையும் சேர்த்துச் சுமார் 1,16,000. பிரான்சு இழந்ததோ 13 இலட்சத்திற்கும் மேல். பிரித்தானியா இழந்தது 7 இலட்சத்திற்கும் மேல். போர் முடிந்தபோது நேச நாடுகள் வொஷிங்டனுக்குச் செலுத்த வேண்டியிருந்த கடன் ஏறத்தாழ 1,000 கோடி டொலர். 1914இல் அயலாரிடம் பெற்ற கடன் மிகுந்திருந்த நாடு, 1919இல் அயலாருக்குக் கொடுத்த கடன் மிகுந்த நாடாயிற்று.

ஆயினும் அந்நாட்டு மக்கள் எல்லோருமே வாழ்ந்தார்களா? கமக்காரர்களே, இதனைக் கருத்தூன்றிப் படியுங்கள். 1917ஆம் ஆண்டு விளைச்சலுக்குப் புசல் ஒன்றுக்கு 2 டொலர் 20 சதம் என அரசு கோதுமை விலையை நிர்ணயித்தது. விலையை நம்பி விவசாயிகள் நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெற்றனர், மேலும் நிலம் வாங்கினர், புல்வெளியையும் உழுதனர். 1920இல் அரசின் உத்தரவாதம் நீங்கியது. அடுத்த ஆண்டில் விலை பாதியளவுக்கு விழுந்தது. விலை விழுந்தது, ஈட்டுக் கடன் விழவில்லை. நிலங்கள் ஏலத்திற்கு வந்தன. அப்பத்தாண்டில் கிராமப்புற வங்கிகள் ஆயிரக்கணக்கில் கதவடைத்தன. உழுது வெறுமையாக்கிய சமவெளிகளில் 1930களில் மண் புழுதியாய் எழுந்து பறந்தது. நாடு உயர்ந்த அதே போரினால் உழவன் தாழ்ந்த கதை இது.

வென்றவன் வீழ்ந்த விந்தை

இரண்டாம் போரிலும் கணக்கு அவ்வாறே எழுதப்பட்டது. 1940 செப்டம்பரில் 50 பழைய நாசகாரிக் கப்பல்களைக் கொடுத்து, நியூபவுண்ட்லாந்து முதல் திரினிடாட் வரை பிரித்தானிய மண்ணில் தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது அமெரிக்கா. 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. அதன்கீழ் நேச நாடுகளுக்குச் சென்ற பொருள்களின் பெறுமதி ஏறத்தாழ 5,000 கோடி டொலர். அவ்வாண்டு டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபின் அமெரிக்கா நேரடியாகப் போரில் இறங்கியது. ஆனால் அதன் பெருநிலத்து ஆலைகள்மீது குண்டு மழை பொழியவில்லை.

1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் பிரெட்டன்வூட்சில் கூடினர். தங்கத்தோடு டொலரும், டொலரோடு ஏனைய நாணயங்களும் பிணைக்கப்பட்டன. ஓர் அவுன்சு தங்கம் 35 டொலர். அங்கு உருவான சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் வொஷிங்டனிலேயே குடியேறின.

இனிப் பிரித்தானியாவைப் பாருங்கள். இரு போர்களிலும் ஏறத்தாழத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை போரிட்ட நாடு அது. இரண்டிலும் வென்ற நாடு. போரே வல்லரசாக்கும் எனின், அந்நாடன்றோ சிகரத்தில் நின்றிருக்க வேண்டும்? நடந்தது யாது? 1945 ஆகஸ்டில் கடன்-குத்தகை உதவி திடீரென நிறுத்தப்பட்டது. கெயின்ஸ் பிரபு வொஷிங்டன் சென்று மாதக்கணக்கில் மன்றாடி 375 கோடி டொலர் கடன் பெற்றார். வட்டி நூற்றுக்கு இரண்டு. பவுணை எவரும் டொலராக மாற்றிக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்பது கடன் கொடுத்தோர் விதித்த நிபந்தனை. 1947 ஜூலை 15இல் அது நடைமுறைக்கு வந்தது; டொலர் இருப்பு கரைந்தோட, ஆகஸ்ட் 20இல் கைவிடப்பட்டது. அக்கடனின் இறுதித் தவணையை இலண்டன் செலுத்தியது 2006 டிசம்பரில்!

1956இல் சுயெசுக் கால்வாயைக் கைப்பற்றப் பிரித்தானியா படை அனுப்பியபோது, பவுண் சரியத் தொடங்கியது. அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. படை திரும்பிற்று. ஒரு குண்டும் வீசாமல், கடன் கொடுத்தவன் கடன் பட்டவனைத் திருப்பி அழைத்துக்கொண்டான்.

எதிர்வாதங்கள்

அமெரிக்காவின் பெருமந்தத்தைப் போரன்றோ தீர்த்தது என்பர். உண்மையே. 1933இல் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். 1944இல் வேலையின்மை அநேகமாக மறைந்திருந்தது. ஆனால் அந்த ஆலைத் திறனும் தொழிலாளர் திறனும் முன்னரே அங்கிருந்தன. உறங்கிய வலிமையைப் போர் எழுப்பியது. இல்லாத வலிமையைப் படைக்கவில்லை.

சோவியத் ஒன்றியம் போரில் இறங்கியே வல்லரசாயிற்று என்பர். அதுவும் ஓரளவு உண்மை. ஆனால் அதன் கனரகத் தொழில்களும் 1928 முதல், கொடிய விலை கொடுத்து, போருக்கு முன்னரே எழுப்பப்பட்டவை. போரில் அது பலிகொடுத்த உயிர்கள் ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம். அவ்வாறு பெற்ற வல்லரசு நிலை 1991இல் அவ்வொன்றியத்தோடு மறைந்தது.

அமெரிக்காவின் பிற்காலமும் நம் பக்கமே சாட்சி சொல்கிறது. வியட்நாம் போரின் செலவு டொலரின் சுமையைப் பெருக்கியது. தங்க இருப்பு தேய்ந்தது. 1971 ஆகஸ்ட் 15இல் டொலருக்குத் தங்கம் கொடுப்பதை நிக்சன் நிறுத்தினார். போர் வல்லரசாக்கும் எனின், இப்போர் அதனை மேலும் உயர்த்தியிருக்க வேண்டும்.

கடன் கொடுத்தும் உயராதோர்

அவ்வாறாயின் போர்க்காலத்தில் கடன் கொடுத்த நாடெல்லாம் உயர்ந்ததா? இல்லை. இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது.

1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்திய மக்களின் பிரதிநிதிகளைக் கேளாமலே இந்தியா போரில் இறங்கிவிட்டது என அறிவித்தார் வைசிராய் லின்லித்கோ. போருக்காக இந்தியா அளித்த பொருளுக்கும் பணிக்கும் இலண்டனில் 100 கோடி பவுணுக்கு மேற்பட்ட தொகை அதன் பெயரில் வரவு வைக்கப்பட்டது. ஏட்டின்படி இந்தியா கடன் கொடுத்த நாடு, பிரித்தானியா கடனாளி. ஆனால் 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர்.

நம் இலங்கையும் இக்கணக்கிலிருந்து தப்பவில்லை. 1942இல் மலாயா யப்பானியர் கையில் வீழ்ந்தபின், நேச நாடுகளின் இயற்கை றப்பருக்கு இலங்கை முக்கிய ஊற்றாயிற்று. கட்டுப்படுத்தப்பட்ட விலைக்கு, மரங்களின் பிற்கால நலனையும் பாராது, பால் வெட்டிக் கொடுத்தோம். அதன் பணமும் பவுண் இருப்பாக இலண்டனில் கிடந்தது. விரும்பியவாறு எடுத்துச் செலவிடும் உரிமை நமக்கிருக்கவில்லை.

ஒரே போர், ஒரே கடனாளி. அமெரிக்கா கொடுத்தது, வல்லரசாயிற்று. இந்தியா கொடுத்தது, பட்டினி கிடந்தது. வேறுபாடு யாது? அமெரிக்கா தன் காங்கிரசில் விவாதித்து, சட்டம் இயற்றி, நிபந்தனை விதித்துக் கொடுத்தது. இந்தியாவிடமோ கேளாமல் எடுக்கப்பட்டது. மனமொப்பிச் செய்வதே ஒப்பந்தம் என்பது சட்டத்தின் பாலபாடம். தன் திறைசேரியின் திறவுகோலைத் தன் கையில் வைத்திராத மக்கள், எத்துணை செல்வம் வழங்கினும் வறியராகவே எழுவர்.

ஆகவே நம் முடிபு இது. போர் எந்த நாட்டையும் வல்லரசாக்குவதில்லை. அயலார் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் வேளையில், உழுத நிலமும் ஓடும் ஆலையும் கற்ற மக்களும் தன்னாட்சியும் உடைய நாட்டிடம் உலகம் கடன் கேட்டு வருகிறது. 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட மண்ணில் வாழும் நமக்கு, அது எவரையும் உயர்த்தும் என்று பிறர் வந்து போதிக்க வேண்டியதில்லை.

கற்றோரே, கமக்காரரே! போரின் பெருமையை எவரேனும் உங்கள்முன் பேசினால், வெற்றி விழாவின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உயிர் கொடுத்தவர் எவர், கடன் கொடுத்தவர் எவர், வட்டி வாங்கியவர் எவர், நிலம் இழந்தவர் எவர் என்று வினவுங்கள். கேட்ட கேள்விக்குக் கணக்கோடு விடை வரும்வரை அவரை விடாதீர்கள்.