விரக்தி என்னும் திரை

நாளிதழைப் புரட்டினால், 'வாழ்க்கையில் விரக்தியடைந்து தற்கொலை' என்னும் தொடர் அச்சுக்கோத்து வைத்ததுபோல் கண்ணில் படுகிறது. உழவர், மாணவி, புதுமணப்பெண் என எவர் இறந்தாலும் அதே சொல். அச்சொல்லை நாம் மறுக்கிறோம்.

விரக்தி வடசொல். ராகம் என்பது பற்று. அதே வேரில் பிறந்த விரக்திக்குப் பற்றறுத்தல் என்பதே முதற்பொருள். உலகை உள்ளபடி கண்டு, மனமுவந்து துறப்பவரின் நிலை அது. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று ஏசியதைத் தாங்காத உழவர் எதைத் துறந்தார்? வரதட்சணைக் கொடுமைக்கு ஆளான பெண் எந்தப் பற்றை அறுத்தாள்? அவர்கள் வாழவே விரும்பினார்கள், பிறர் வாழவிடவில்லை.

பொருள் மாறுவது மொழியின் இயல்பன்றோ எனச் சிலர் கேட்கலாம். உண்மையே. மாற்றத்தோடு நமக்கு வழக்கில்லை. அச்சொல் இன்று செய்யும் வேலையோடுதான் வழக்கு. வெளியே இருக்கும் காரணங்களையெல்லாம் அது இறந்தவரின் மனத்துக்குள் தள்ளிக் கதவடைத்துவிடுகிறது. கந்துவட்டியும் அடி உதையும் கேள்விக்கு உள்ளாகாமலே தப்பிவிடுகின்றன.

சமயத்தின் பெயரால் தீர்ப்பிடுவோரும் உளர். எதிர்நோக்கை இழத்தல் பாவம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தது மெய்யே. ஆயின், மனந்திரும்புவோரையும் கடவுள் மன்னியார் என்னும் பொய்யெண்ணத்திற்கு இசைந்து நடப்பதையே அவர் அங்கே சுட்டினார். துயரத்தால் நொறுங்கியவர்மீது அப்பட்டத்தை ஒட்டுவது இறையியல் ஆகாது. தம்முயிரை மாய்த்தோரின் மீட்பைக் குறித்தும் நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றே 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (2283) அறிவுறுத்துகிறது. அவ்வாறிருக்க, நாம் யார் தீர்ப்பிட?

எம்மாவு வழியில் நடந்த சீடர் இருவரும் தங்கள் எதிர்நோக்கை இறந்தகாலத்தில் வைத்தே பேசினர் (லூக் 24:21). உயிர்த்த ஆண்டவர் அவர்களுக்கு மறைநூலை விளக்கினார், கடிந்தும் கொண்டார். ஆனால் அதற்குமுன், நிகழ்ந்தது என்னவென்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உடன் நடந்தார்.

ஆகவே, 'விரக்தி' என்று எழுதவோ பேசவோ நேரும்போது அதை அடித்துவிட்டு, அம்மனிதர் எதைச் சுமந்தார், அதை அவர் தோளில் ஏற்றியவர் யார் என்று கேட்போம். நம் பங்கில் அப்படிச் சுமப்பவர் இன்று உயிரோடு இருப்பாரானால், அறிவுரையை ஒத்திவைத்து அவர் அருகில் அமர்வோம். இரங்கல் உரையைவிட அது உயர்ந்த மறைப்பணி.