கோடை விடுமுறையில் ஒரு கலைப் பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவர் ஒருவர்)

ஏப்ரல் தேர்வுகள் நெருங்கும்போதே நம்மிடையே ஒரு வினா உலவத் தொடங்கிவிடும்: "லீவுல என்ன படிக்கப் போறே?" விடைகள் நாமறிந்தவையே. டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், டைப்ரைட்டிங், கணினி மொழி ஏதேனும் ஒன்று. வங்கித் தேர்வு, குரூப் 4 என்று பயிற்சி நிலையங்களுக்குப் புறப்படுவோரும் உண்டு. இவற்றை இழித்துரைப்பது என் நோக்கமன்று. வேலை வேண்டும், வேலைக்கு இவை வேண்டும். ஆனால் "இந்தக் கோடையில் வரலாறு படிக்கப் போகிறேன்" என்றோ, "பொருளாதாரம் கொஞ்சம் பார்க்கப் போகிறேன்" என்றோ ஓர் அறிவியல் மாணவன் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நியாயந்தானா என்று எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

குரூப் 4 தேர்வில் வரலாறும் தமிழும் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கிறார்கள். அது நான்கு விடைகளில் ஒன்றை நிரப்பும் வரலாறு. நான் சொல்வது வேறு.

கலைப் பாடம் படிக்க வழியில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலையில் தொடங்கியது. அதில் ஐ.ஐ.டி.க்களின் பேராசிரியர்களே தத்துவம், பொருளியல், சமூகவியல், மொழியியல் நடத்துகிறார்கள். படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரையிலான மதிப்பீட்டு அலகுகளை அவ்வழியே பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. அதன் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குவதால் நம் மே மாதத்தோடு பொருந்துவதில்லை. எனினும் முன்பு நடந்த பாடங்களின் விரிவுரைகள் ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கின்றன. இவை போகப் பகுதி நான்கில் பிற துறைப் பாடம் ஒன்றை நாமே தேர்ந்துகொள்ள இடம் உண்டு. தேர்வு என்று பெயர்தான். பெயர் எழுதும் தாள் கைமாறி வரும்போது மேலே இருப்பவன் எழுதியதையே கீழே இருப்பவனும் எழுதுகிறான். "எது ஈஸி?" என்பதுதான் நாம் கேட்கும் ஒரே கேள்வி. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், என்னைப் போல் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்கு அங்கே கேட்க ஆள் இல்லை. "நல்லா படி" என்பார்கள். எதைப் படிப்பது என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

நிற்க. வேதியியல் படிப்பவனுக்கு வரலாறும் சட்டமும் எதற்கு? இதுதான் முதன்மையான எதிர்ப்பு. இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் எங்கு நின்றாலும் விடை காலடியில் இருக்கிறது.

குரோமியம் பற்றி நமக்குத் தெரியும். மூன்று இணைதிறன் கொண்டது ஒன்று, ஆறு இணைதிறன் கொண்டது இன்னொன்று. பின்னது புற்றுநோய் தருவது. வழக்கமான முறையில் பதனிடும்போது தொட்டியில் இட்ட குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடே தோலில் ஏறும். எஞ்சியது கழிவுநீரோடு போகும். தோல் கெடாதிருக்கத் தடவும் உப்பும் அதே வழியில்தான் போகிறது. உப்பை நீரிலிருந்து பிரிப்பது குரோமியத்தைப் பிரிப்பதைவிடக் கடினம். குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கிவிடலாம். சோடியம் குளோரைடு அப்படி அடியில் படியாது. இவ்வளவும் நம் ஆய்வகத்துக்குள் அடங்கும்.

இனி அடங்காதவற்றைப் பாருங்கள். இதே நீரைப் பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எவரும் இத்தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அதில் வருகிறது: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இன்னொன்றும் சொன்னது. தன் செயலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது.

அறிவியல் மாணவன் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஆய்வகத்தில் ஒரு விளைவு உண்டு என்று சொல்பவன்தான் சான்று காட்ட வேண்டும். சான்று இல்லையேல் விளைவு இல்லையென்று கொள்வோம். நீதிமன்றமோ சுமையை இடம் மாற்றி வைக்கிறது. ஏன்? விவசாயியிடம் ஆய்வகம் இல்லை, டேனரியிடம் இருக்கிறது. கிணறு கெட்ட பின் சான்று கிடைத்து என்ன பயன்? இது அறிவியலுக்கு முரணா, அறிவியலை மனிதர் நடுவே வைத்துப் பார்ப்பதா என்று வாதிடலாம். வாதிட வேண்டும். ஆனால் அந்த வாதத்துக்கு வேண்டிய பயிற்சியை நம் கனிம வேதியியல் தாள் தராது. தத்துவம் தரும், சட்டம் தரும்.

கதை 1996இல் முடியவில்லை. அத்தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. வகுத்துப் பார்த்தேன். சராசரி ஒருவருக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றே குறைவு. ஒரு கிணற்றின் விலை என்ன? கரும்பு விளைந்த நிலத்தில் இனி உப்புத்தான் பூக்கும் என்றால், அந்த இழப்பை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது? நிலம் இல்லாமல் அந்நிலத்தில் கூலிக்குப் போனவளுக்கு என்ன கணக்கு? இவை பொருளியலின் கேள்விகள். 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே வட்டாரத்தைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நிலுவையில் உள்ள இழப்பீட்டைக் கொடுங்கள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமையுங்கள் என்று ஆணையிட்டது. முதல் வழக்குக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள். என் வயதைவிட அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இத்தொழில்தான் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியக் காரணம். இந்தக் கல்லூரியில் பலருடைய புத்தகப் பணம் ஷூ கம்பெனி சம்பளத்திலிருந்து வருகிறது, என்னுடையதும் அப்படித்தான். டேனரிகளை மூடு என்று சொல்வது எளிது. யார் மூடுவது, மூடினால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்பது கடினம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் பரவியதற்குக் காரணம் வேதியியல் மட்டுமன்று. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இலேயே குரோம் பதனிடுதலைச் சோதித்துக் காட்டிவிட்டார். ஆனால் 1972இல் சீதாராமையா குழு அறிக்கை தந்து, அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டிய பிறகுதான் நம் ஊர்கள் முழுப்பதனிட்ட தோலுக்கும் செருப்பு, ஷூவுக்கும் வேகமாகத் திரும்பின. 1989 இறுதியில் மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை விதித்ததும் ஆம்பூரில் பூஞ்சை மருந்து மாறியது. பான் நகரத்தில் ஒரு சட்டம், பாலாற்றங்கரையில் ஒரு வேதிப்பொருள்! இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையை வரைந்து காட்ட எந்த அறிவியல் தாளுக்குத் தெரியும்?

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; வரலாற்றுத் துறை நண்பர்கள் என்னைவிட நன்கு சொல்வார்கள். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகை. அதில் தோலாலான ஒரு சின்னம் இருந்தது. ஒரு துண்டுத் தோல்! அதில் இருப்பது கொலாஜன் என்று நான் சொல்லிவிடுவேன். அது ஏன் ஒரு கோட்டையைப் பற்றவைத்தது என்று சொல்ல எனக்குச் சமயமும் சாதியும் பட்டாள வாழ்க்கையும் தெரிந்திருக்க வேண்டும். ஆம்பூரில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கால நடுகற்கள் ஆநிரைப் பூசலில் மாண்ட வீரரைப் பேசுகின்றன. மாட்டுக்காக உயிர் விட்ட ஊர், பிற்காலத்தில் மாட்டுத் தோலால் உலகறிந்த ஊராயிற்று. வழியில் நின்று அந்த எழுத்தைப் படிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே பாடம் தேர்வதில் என் கருத்து இது. எது எளிது என்று கேளாதீர்கள்; உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது என்று கேளுங்கள். அதற்குப் பக்கத்தில் போகும் பாடத்தை எடுங்கள். தாவரவியல் மாணவிக்கு அது வேளாண் பொருளியலாக இருக்கலாம், இயற்பியல் மாணவனுக்கு அறிவியல் வரலாறாக இருக்கலாம். ஒன்றே ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள்: 'ஆளுமை மேம்பாடு' என்ற பெயரில் கைகுலுக்கவும் கழுத்துப்பட்டை கட்டவும் கற்றுத்தரும் வகுப்பு. அது கலையுமன்று, அறிவியலுமன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பெயர் பெற்ற தொழில்நுட்பக் கல்விக்கூடம். அங்கே பட்டம் பெற ஒவ்வொரு மாணவரும் எட்டுக் கலை, சமூகவியல் பாடங்களைப் படித்தாக வேண்டும். இயந்திரம் படிக்க வந்தவனுக்கு எட்டு என்றால், நமக்கு ஒன்று கூடவா சுமை?

சுமைதான் என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. கோடை நமக்கு ஓய்வுக்காலம் அன்று, கூலிக்காலம். ஷூ கம்பெனியில் இரண்டு மாதம் நின்றால் அடுத்த ஆண்டுக் கட்டணமும் பஸ் செலவும் தேறும். நான்கு வாரம் பகலில் வகுப்பு என்றால் வசதியுள்ளவன் வருவான், மற்றவன் வரமாட்டான். வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்துப் பின் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போன இராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேர்ந்ததே பணமுடையால்தான் என்பர். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவ நூல்கள் இலவசமாகக் கிடைத்தன, எனவே தத்துவம். அவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார் என்று இக்கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அச்சந்தான் தோன்றுகிறது. வேறு நூல்கள் கிடைத்திருந்தால்? எந்த நூலும் கிடைக்காதவர்கள் அவரோடு எத்தனை பேர் இருந்தார்கள்?

எனவே பல்கலைக்கழகத்துக்கும் நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2002இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகம் சேர்க்காட்டில் இருக்கிறது. அங்கே கோடைப் பாடம் வைத்தால் வாணியம்பாடியிலிருந்து போய்வர அரை நாள் ஆகும். பாடம் அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கட்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை நடக்கட்டும். பேர்ணாம்பட்டிலிருந்து வரும் தோழியருக்கு எட்டு மணி பஸ் ஒத்துவராது. அவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு பிரிவு வேண்டும். தமிழில் நடக்கட்டும். ஸ்வயத்தின் விரிவுரைகளை ஒரு ஆசிரியர் நிறுத்தி நிறுத்தி விளக்கினால் ஆங்கிலமும் சேர்ந்து வரும். ஸ்போக்கன் இங்கிலீஷ் கட்டணம் மிச்சம். மதிப்பெண் தருவதும் தராததும் பிறகு பார்க்கலாம்; ஆனால் மதிப்பீட்டு அலகு இல்லையென்றால் வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இரண்டாமாண்டுக் கோடையில் தொழிலகப் பயிற்சி என்று பாடத்திட்டம் வைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் பலர் டேனரிகளின் ஆய்வகங்களுக்கோ, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கோ போவோம். பகலில் அங்கே குரோமியமும் உப்பும் அளப்போம். மாலையில் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் வரி வரியாகப் படிக்க விரும்புகிறோம். பொருளியல் துறையிலிருந்து ஒருவர் வாரத்துக்கு இரண்டு மாலை வந்தால் போதும். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அதில் இருவர் இயற்பியல். வரலாற்றுத் துறைக்குப் பக்கத்து அறை மாலையில் காலியாகத்தான் இருக்கிறது. சாவி யாரிடம் கேட்பது என்று மட்டும் சொல்லுங்கள்.