பெயர்த்த நிலையும் மறைத்த தரையும்

அண்ணன் வீட்டு ஹாலில் ஒரு நிலை நிற்கிறது. பர்மாத் தேக்கு. மேல்கட்டையில் கஜலட்சுமி, இருபுறமும் யானை, கீழே கொடிக்கருக்கு. கதவு இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்து, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழ்ப்படியில் மரத்தின் நிறமே மாறியிருப்பது தெரியும். மஞ்சள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் பூசிய மஞ்சள். அது மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. தேய்த்தாலும் போகாது.

இந்த நிலை வந்த அதே மாதத்தில்தான் அந்த வீட்டின் தரை போனது. அப்பா 1983-ல் தாம்பரம் பக்கம் கட்டிய வீடு அது. தரை முழுக்க ரெட் ஆக்சைடு. கொத்தனார் சிமென்டில் காவிப் பொடி கலந்து, கரண்டியால் இழைத்து இழைத்து மழமழப்பாக்கி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்து, பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்த தரை. நாற்பது வருஷம் நாங்கள் நடந்து நடந்து அது முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேறியிருந்தது. பூஜை அறை வாசலில் அம்மா உட்காரும் இடம் மட்டும் கூடுதலாகப் பளபளக்கும். ஹாலின் குறுக்கே ஒரு விரிசல் ஓடும். சின்ன வயதில் அதுதான் எங்களுக்குக் கிளித்தட்டின் எல்லைக்கோடு. இன்டீரியர் டிசைனர் வந்த முதல் நாளே இந்தத் தரை பழைய ஃபேஷன், எடுபடாது என்றார். அதன் மேலேயே மரம் மாதிரி அச்சடித்த விட்ரிஃபைடு டைல்ஸை ஒட்டிவிட்டார்கள். அறைக்கதவின் நிலையில் எங்கள் இருவரின் உயரத்தையும், பிற்பாடு எங்கள் பிள்ளைகளின் உயரத்தையும் பென்சிலால் குறித்த கோடுகள் இருந்தன. அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் அடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்கு ஒரு 'வாழ்ந்த களை' வேண்டும் என்று சொல்லி, யாரோ ஒருவர் வீட்டு நிலையை வாங்கி வந்து நிறுத்தினார்கள்.

அண்ணன்மீது எனக்குக் கோபம் இல்லை. கடன் வாங்கியாவது இதைச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. என் கோபமெல்லாம் அவர்களை அப்படி நினைக்க வைக்கும் நம்பிக்கைமீது. சுவருக்கு மண் நிறம், மூலைக்கு மூலை மஞ்சள் விளக்கு, பிரம்பு நாற்காலி இரண்டு, எங்கிருந்தோ வந்த பழம்பொருள் நான்கு. இவை சேர்ந்தால் வீட்டுக்கு வாழ்ந்த வாசம் வந்துவிடுமாம். இது பொய். கெடுதல் செய்கிற பொய். இதனால் ஒரே நேரத்தில் இரண்டு வீடுகள் அழிகின்றன. வாங்குகிறவர் வீட்டில் இத்தனை வருஷம் வாழ்ந்த தடம் அழிகிறது; பொருள் வருகிற ஊரில் வீடே அழிகிறது.

போன பத்தாண்டில் சாம்பலும் வெள்ளையும்தான் நாகரிகம் என்றார்கள். இப்போது பழுப்பு, களிமண் நிறம், பிரம்பு, கரடுமுரடான துணி என்கிறார்கள். நிறங்களுக்கு எண் கொடுத்து விற்கும் பான்டோன் நிறுவனம் 2024-க்கு 'பீச் ஃபஸ்' என்ற இளஞ்சிவப்புச் சாயலையும், 2025-க்கு 'மோக்கா மூஸ்' என்ற காப்பிப் பழுப்பையும் ஆண்டின் நிறமாக அறிவித்தது. இரண்டுக்குமே இதம், நெருக்கம், ஆறுதல் என்றுதான் விளக்கம் சொன்னார்கள். ஆண்டுக்கொரு நிறம் மாற்றினால்தான் இந்த வியாபாரம் ஓடும். ஒரு வீடு பழுக்க வேண்டுமென்றால் அதே சுவர், அதே நாற்காலி, அதே விளக்கு இருபது முப்பது வருஷம் அங்கேயே கிடக்க வேண்டும். வருஷா வருஷம் மாற்றச் சொல்கிற தொழில் இதை எந்தக் காலத்திலும் நமக்குத் தர முடியாது. அதனால்தான் பட்டறைகளில் புது மரத்தைச் சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறார்கள். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கறுப்புச் சாயத்தைத் துடைத்து, பழசு என்கிறார்கள். மேசையின் ஓரத்தில் உண்மையாகவே ஒரு தேய்மானம் இருந்தால், யார் கை அங்கே பட்டது என்று வீட்டில் ஒருவராவது சொல்வார்கள். சங்கிலித் தழும்பைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

இந்த அலங்காரத்துக்குச் சொல்கிற 'வார்ம்' (வெதுவெதுப்பு) என்ற சொல்லையே நாம் யோசிக்காமல் வாங்கிக்கொண்டோம். அது குளிர்நாட்டுச் சொல். குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிடும் டென்மார்க்கில் மெழுகுவத்தியும் கம்பளியும் கணப்பும் சேர்ந்ததை 'ஹுகே' என்கிறார்கள். 2016 வாக்கில் ஆங்கிலப் புத்தகக் கடைகள் முழுக்க அந்தச் சொல்தான். அவர்களுக்கு அது சரி. அவர்கள் பனியில் வாழ்கிறார்கள். நமக்கு நல்லதெல்லாம் குளிர்ச்சி. மனம் குளிர்ந்தது என்கிறோம், கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம், வயிறு குளிர்ந்து வாழ்த்துகிறோம். நம் கட்டடமும் அப்படித்தான் இருந்தது. திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், வெறுங்காலுக்கு இதமான தரை எல்லாமே வெயிலைச் சமாளிக்கப் பிறந்தவை. மே மாதச் சென்னையில் சுவருக்கு மரப்பலகை அடித்து, தடிமனான பூக்லே துணி போட்ட சோபாவும் கம்பளமும் பரப்பி, நாள் முழுக்க ஏசியை ஓட்டுகிற வீட்டில் தூசியும் தும்மலும்தான் மிச்சம்.

சுண்ணாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'லைம்வாஷ்' என்ற பெயரில் மேகம் மேகமாகத் திட்டுத் தெரியும் பூச்சை இப்போது நல்ல விலைக்கு அடிக்கிறார்கள். பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வடிகட்டி, துளி நீலம் சேர்த்து, தென்னமட்டையை நசுக்கிய பிரஷ்ஷால் ஊரே அடித்ததுதான் அது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுவது அதன் குணம். வருஷத்துக்கொரு பூச்சு ஏறி ஏறி வந்த மேடுபள்ளம்தான் அந்தச் சுவரின் அழகு. கிராமத்தில் பாட்டி வீட்டுச் சுவரில் நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உதிரும். வெள்ளை, வெளிர் நீலம், ஒரு கல்யாணத்துக்கு அடித்த ரோஸ், மறுபடி வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷனில் அந்தத் திட்டை மட்டும் வரைந்துவிட்டால் அது அந்தச் சுவர் ஆகிவிடாது.

இனி நிலை வந்த வழிக்கு வருகிறேன். பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரே மரத்தில் கடைந்த தூண்கள் விறகுக் கட்டைபோல் அடுக்கியிருக்கும். எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம், கணக்குப்பிள்ளையின் கைப்பெட்டி, பல்லாங்குழி. சட்டம் போட்ட புகைப்படங்களும் இருக்கும். கழுத்தீருத் தாலியும் ரவிக்கையுமாக நிற்கும் யாரோ ஒரு மணப்பெண், பக்கத்தில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை. அந்தப் படத்தைச் சென்னையில் யாரோ வாங்கி, தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டப் போகிறார். அந்தப் பெண்ணின் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி தொடங்கி 1940கள் வரை, பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு நகரத்தாரின் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகளிலிருந்து வந்தவை இவை. 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் புகுந்தது. 1948-ல் பர்மா நிலங்களை தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு மிச்சமிருந்த இந்திய வியாபாரிகளும் வெளியேற வேண்டியதாயிற்று. வீட்டைத் தாங்கிய வருமானம் நின்றுபோனது, வீடு நின்றது. இன்று ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வளவு. ஓடு நகர்ந்து ஒரு மழைக்காலம் ஒழுகினால் போதும், உத்தரத்தில் கரையான் ஏறிவிடும். சரிசெய்யப் பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வருகிறார். தூணுக்கு இவ்வளவு, நிலைக்கு இவ்வளவு, ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். நிற்கிற வீட்டுக்கு இல்லாத விலை, பிரித்த வீட்டுக்குக் கிடைக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-ல் இந்தியா சேர்த்தது. அந்தப் பட்டியல் கதவுகளைக் காப்பாற்றாது. நம் ஹாலில் அவற்றுக்கு இடம் இல்லை என்று நாம் சொல்வதுதான் காப்பாற்றும்.

நிலை என்பது நமக்கு வெறும் மரச்சட்டம் கிடையாது. வீடு கட்டும்போது நிலை வைப்பது தனிச் சடங்கு. நாள் பார்த்து, மஞ்சள் துணியில் நவதானியமும் காசும் முடிந்து, மாவிலை கட்டி, ஆசாரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, வீட்டுச் சுமங்கலிகள் கைபிடிக்க அதை நிறுத்துவார்கள். அதன் வழியாகத்தான் மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். அதன் வழியாகத்தான் மாமனாரைத் தூக்கிப் போனார்கள். நிலையை விற்றுவிட்ட குடும்பத்தை ஊர் 'வாழ்ந்து கெட்ட வீடு' என்று சொல்லும். அவர்கள் கெட்டதன் அடையாளத்தை வாங்கி வைத்துக்கொண்டு நம் வீட்டை வாழ்ந்த வீடு என்று சொல்லிக்கொள்வது நியாயமே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். வீடு எப்படியும் இடியத்தான் போகிறது, விறகாகப் போவதைவிட யார் வீட்டிலாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். இடிந்துபோன வீட்டின் மரம் பயன்பட வேண்டும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பழைய வீடுகளின் கதவும் ஜன்னலும் ஓடும் வாங்கித்தான் எத்தனையோ வீடுகளைக் கட்டினார். அவர் கட்டடத்தில் கதவு கதவாகவே திறந்து மூடியது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. எளியவர்களுக்குச் செலவு குறைந்தது. அலங்காரத்துக்கென்று ஒரு தேவை உருவாகும்போது கதை தலைகீழாகிறது. முதலில் வீடு விழுந்தது, பிறகு மரம் விற்றது என்ற நிலை போய், மரம் விற்கும் என்பதால் வீடு விழுகிறது. உங்கள் வாசலுக்குக் கதவு வேண்டுமா? இடிந்த வீட்டுக் கதவை வாங்கி வாசலில் மாட்டுங்கள், வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த மணல் சிமென்டைத் தூவி, பின்பக்கம் கலவை போட்டு அடைப்பார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறும். சூளையே கிடையாது. வண்ணக் குழம்பை ஊற்றும் கை கொஞ்சம் அசைந்தால் பூவின் இதழ் கொஞ்சம் அசையும்.  ஆள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அதற்கு மெருகு கூடும். நடமாட்டமே அதற்குப் பாலிஷ். ஆத்தங்குடியில் இன்னும் பட்டறைகள் ஓடுகின்றன. புதுக் கல்லை அங்கே வாங்கினால் ஒரு தொழிலாளிக்குக் கூலி போகும், ஒரு வீடும் இடியாது. அதை விட்டுவிட்டு ஆத்தங்குடிப் பூவை டிஜிட்டலில் அச்சடித்த பீங்கான் டைல்ஸைப் பதிக்கிறார்கள். எத்தனை தலைமுறை நடந்தாலும் அது முதல் நாள் இருந்த மாதிரியே இருக்கும்.

சரி, வீட்டில் எதைத்தான் வைப்பது? கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் அலெக்சாண்டரும் சகாக்களும் 1977-ல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூலில், ஊர் அமைப்பிலிருந்து தொடங்கி வீட்டு மூலை வரை 253 வடிவங்களைச் சொல்கிறார்கள். கடைசி வடிவம், சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த பொருட்கள். அலங்காரக்காரர் சொல்வதைக் கேட்காமல், தன் கதையைச் சொல்கிற பொருளைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். நம் வீட்டு ஷோகேஸ் அதைத்தான் செய்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர், குற்றாலத்தில் வாங்கிய பொம்மை, சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த கடிகாரம். இதையெல்லாம் 'க்ளட்டர்' என்று அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, யாருடையதென்று தெரியாத பித்தளைச் செம்பை அதே இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். தினசரிக் காலண்டர் அங்கேயே தொங்கட்டும். தாத்தாவின் ஈஸிசேர்த் துணி கிழிந்திருந்தால் புதுத் துணி தைத்துப் போடுங்கள். தரையில் விரிசல் விட்டிருந்தால் அதே காவி கலந்து பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். டிசைனருக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கை அவர்களுக்குக் கொடுங்கள்.

அண்ணன் வீட்டில் ஸ்டோர் ரூமை மட்டும் தொடவில்லை. விருந்தாளிகள் கண்ணில் படாத இடம் என்று விட்டுவிட்டார்கள். ஆறடிக்கு எட்டடி, பழைய காவித் தரை அப்படியே இருக்கிறது. போன மாதம் போனபோது அம்மா அங்கே காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏம்மா இங்கே உட்கார்ந்திருக்கே என்றேன். "இங்கதான்டா ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லி, முறத்தைத் தள்ளி எனக்கு இடம் விட்டாள்.