காவல் யார் கையில்?

1954 செப்டம்பரில் மணிலாவில் கூடிய எட்டு நாடுகள், தென்கிழக்காசியாவைக் காக்கப்போவதாக ஒப்பந்தம் எழுதின. சீட்டோ எனும் கூட்டணி பிறந்தது. யார் அந்த எட்டுப் பேர்? அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான். இவற்றோடு தாய்லாந்தும் பிலிப்பைன்சும். காக்கப்பட வேண்டிய வட்டாரத்துக்கு உரியவை கடைசி இரண்டே! வீட்டார் இருவர், காவலர் அறுவர். வியத்நாம் போர்த்தீயை அவர்கள் அணைத்தனரா? இல்லை. 1977-இல் கூட்டணியே கலைந்தது.

அதன் தலைமையகம் இருந்த பாங்காக்கிலேதான், 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள், இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்சு, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்தும் ஆசியானைத் தோற்றுவித்தன. முந்தைய ஆண்டுவரை இந்தோனேசியாவும் மலேசியாவும் மோதிக்கொண்டிருந்தவை என்பதை மறத்தலாகாது. படையில்லை, தளமில்லை. சச்சரவைப் பலாத்காரத்தால் தீர்ப்பதில்லை என 1976-இல் பாலித் தீவில் உறுதி செய்துகொண்டனர். எந்த வியத்நாமைக் கண்டு சீட்டோ அஞ்சியதோ, அந்த வியத்நாம் 1995-இல் ஆசியானில் அமர்ந்தது!

பாராட்டத்தக்கதே. ஆனால் அனைவரும் இசைந்தாலன்றி அணுவும் அசையாது என்ற விதியையும் சேர்த்துப் பாராட்ட நம்மால் இயலாது. 2012-இல் புனோம்பென்னில் நடந்ததென்ன? தென்சீனக் கடல் தகராறைக் கூட்டறிக்கையில் குறிக்கத் தலைமை வகித்த கம்போடியா இசையவில்லை. 45 ஆண்டுகளில் முதன்முறையாக அறிக்கையே வெளிவரவில்லை. சீனத்தின் உதவியைக் கம்போடியா எவ்வளவு நம்பியிருந்தது என்பதை அறிந்தவர் வியக்கமாட்டார்.

மரபை மீறினால் அமைப்பு உடைந்துவிடும் என்பர். உடைந்ததா? 2021-இல் பர்மாவில் ஆட்சியைப் பறித்த படைத்தலைவருக்கு, அவ்வாண்டு அக்டோபர் உச்சிமாநாட்டில் இடம் மறுக்கப்பட்டது. பர்மா ஆட்சேபித்தது, மாநாடு நடந்தது, ஆசியான் உடையவில்லை.

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் ஐந்து நாட்கள் பொருதின. தலைமை வகித்த மலேசியா இருவரையும் புத்ரஜெயாவுக்கு அழைத்துப் போர்நிறுத்தம் செய்வித்தது. ஆயினும், வணிகப் பேச்சை நிறுத்துவோம் என்ற வாஷிங்டனின் மிரட்டலும் அதற்குத் துணை தேவைப்பட்டதே! டிசம்பரில் மீண்டும் பீரங்கி முழங்கியது.

2025 அக்டோபரில் கிழக்குத் திமோரும் சேர, ஆசியான் பதினொரு நாடுகளின் அவையாயிற்று. எல்லைக்குப் பார்வையாளரை அனுப்புவதா என்ற கேள்வி எழும்போதாவது, சண்டையிடும் இருவரை விலக்கி, எஞ்சிய ஒன்பது நாடுகளே முடிவெடுக்கட்டும். அந்தத் திருத்தத்தை ஆசியான் தன் சாசனத்தில் எழுதட்டும்.