மண்ணுக்கு மூடாக்கு, குடலுக்குத் தவிடு

எங்க அக்கா மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கணும். ராசிபுரம் பக்கம் எங்க ஊர் ஏரிக்கரையில் விடியக்காலம் 5 மணிக்கே இப்படிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கலாம். எல்லாம் உழவர் வீட்டுப் பிள்ளைகள்தான். போன மாசம் எங்க வீட்டில் தங்கியிருந்தபோது, ஓடக் கிளம்பும் முன் கம்மங்கூழைக் கரைச்சுக் கொடுத்தா சொம்பைத் தள்ளி வச்சுட்டான்.

“ஏன் கண்ணு, கூழ் ஆகாதா?”

“இதைக் குடிச்சுட்டு எப்படிங்க மாமா ஓடறது? வயிறு கலக்குமுங்க. எனக்குப் பவுடர் இருக்குது.”

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு எங்க ஊரில் ஒரு மூட்டைக் கம்பு வாங்கலாம். கோபம் வந்தது. ஆனா யோசிச்சுப் பார்த்தா, அவன் கூழை வேண்டாம்னு சொன்னதில் நம்ம தப்பும் இருக்கு. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒரு சேதி. 2015-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்கள் 15 பேரின் மலத்தை, ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 42 கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு வெய்லோனெல்லா என்ற பாக்டீரியா அவர்கள் குடலில் பெருகியிருந்தது. இதற்கு உணவே லாக்டிக் அமிலத்தின் உப்பான லாக்டேட். நாம் மூச்சு வாங்க ஓடும்போது தசையில் உண்டாகி ரத்தத்தில் சேருகிற அதே பொருள். அதில் கொஞ்சம் குடலுக்குள் கசிகிறது. பாக்டீரியா அதைத் தின்று புரோப்பியோனேட் என்ற கொழுப்பு அமிலமாக மாற்றித் தருகிறது. அந்த பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை மற்ற எலிகளைவிட 13 சதவீதம் கூடுதல் நேரம் ஓடின. 2019-இல் நேச்சர் மெடிசின் இதழில் இது வெளிவந்தது.

இயற்கை உழவருக்கு இது புதுசா என்ன? கழிவு என்று நினைக்கிறதை நுண்ணுயிர் தின்று உரமாக்கித் தருவதைத்தான் நாம் தினமும் தொழுவத்தில் பார்க்கிறோம். செடி தன் வேர் வழியாகச் சர்க்கரையைக் கசியவிட்டு நுண்ணுயிரை வளர்க்கிறது, அது செடிக்குச் சத்தைக் கரைத்துத் தருகிறது. குடலிலும் கொடுக்கல் வாங்கல் அப்படித்தான்.

இரண்டாவது சேதி 2022-இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களை அழித்துப் பார்த்தார்கள். எலிகளின் ஓட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலில் பலம் இல்லாமல் அல்ல. சில குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்கள் குடல் நரம்பைத் தூண்டி, ஓடும்போது மூளையில் டோபமைன் சுரப்பைக் கூட்டுகின்றன. இன்னும் ஓடலாம் என்ற அந்த உற்சாகம் வயிற்றிலிருந்து புறப்பட்டிருக்கிறது.

இரண்டுமே பெரும்பாலும் எலிச் சோதனை. கூழ் குடித்தால் 7 நிமிட ஓட்டம் 6 நிமிடம் ஆகிவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, நாமும் சொல்லக்கூடாது. பழைய சோறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று மேடையில் பேசுகிற பழக்கம் நமக்கு உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையினர் பழைய சோற்றை முறையாக ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள். ஆய்வு சொல்வதைத் தாண்டி நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். ஓட்டத்துக்கு முதல் மருந்து பயிற்சிதான்.

ஆனால் ஒன்று உறுதி. நாம் தின்னும் நார்ச்சத்தை நம் குடலால் செரிக்க முடியாது. அதைத் தின்பது பெருங்குடல் நுண்ணுயிர்கள். தின்று அவை தருவதிலும் அதே புரோப்பியோனேட் இருக்கிறது. நார் இல்லாத குடல், மூடாக்கு இல்லாத மண். மேலே என்ன கரைசல் ஊற்றினாலும் நுண்ணுயிர் நிலைக்காது.

அந்த நார் எங்கே போனது? நம்ம பக்கமே பாருங்க. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது. கிழங்கு சேலம், நாமக்கல் ஆலைகளில் ஜவ்வரிசி ஆகிறது. கிழங்கில் இருந்த கொஞ்ச நாரும் திப்பியாக வெளியே போய், மாவுச்சத்து மட்டும் மிஞ்சுகிறது. சமவெளியில் சோளக்களி போய் வெள்ளையரிசி வந்தது.

இதில் நம்ம பங்கும் உண்டு. இயற்கையில் விளைந்த சாமை என்று பை மேலே அச்சடிக்கிறோம். உள்ளே இருப்பது தவிடு போக வெள்ளையாகத் தீட்டிய அரிசி. நானும் ரெண்டு வருசம் அப்படித்தான் வித்தேன். வெள்ளையா இருந்தாத்தான் போகுதுங்க என்று மில்லில் சொன்னார்கள், தலையாட்டினேன். பூச்சிமருந்து அடிக்காமல், களையைக் கையால் எடுத்து விளைவித்த தானியத்தின் தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, மாவை மனுசனுக்கு வித்திருக்கிறேன். மாடு நல்லாத்தான் இருந்தது!

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சாமை சீக்கிரம் காறும், வண்டு விழும். வியாபாரிக்கு அது தொல்லைதான். அதற்கு வழி, தானியத்தை உமியோடு வைத்திருந்து, தேவைக்கு ஏற்ப மாசத்துக்கு ஒரு தடவை உமியை மட்டும் நீக்கி, அரைத்த தேதியைப் போட்டு விற்பது. இது பெரிய கம்பெனிக்கு ஒத்துவராது. நம்மைப் போலப் பக்கத்தில் இருக்கிற உழவர் குழுவுக்கு மட்டுமே ஒத்துவரும்.

அடுத்தது ஆன்டிபயாடிக். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. இருந்தும் சளி பிடித்தால் மருந்துக்கடையில் கேட்டு நாலு மாத்திரை போடுகிறோம். மருத்துவர் சொன்னால் முழுசாகச் சாப்பிடணும். சொல்லாமல் தின்பது, புழு ஒன்றுக்காகத் தோட்டம் முழுக்க விசம் அடிக்கிற கதைதான். கோழிப்பண்ணைகளில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்த கொலிஸ்டின் மருந்தை 2019 சூலையில் ஒன்றிய அரசு தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கிற மருந்து அது. முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருக்கிற நாம்தான் இதில் முதல் காவல். நாமக்கல் கோழி எருவை வாங்குகிறவர்கள் எந்தப் பண்ணையில் என்ன மருந்து போடுகிறார்கள் என்று கேளுங்கள். எருவை நன்கு சூடேறி மக்கவைத்த பிறகே நிலத்தில் போடுங்கள்.

பாஸ்டன் ஆய்வு செய்தவர்களில் ஒருவர் கம்பெனி தொடங்கி, நுண்ணுயிரை மாத்திரையாக விற்கிறார். விதையைப் பையில் அடைத்து விற்றபோது நாம் தாமதமாகத்தான் விழித்தோம். நுண்ணுயிரை விலைக்கு வாங்கும் முன், இருப்பதற்குச் சோறு போடலாமே.

அக்கா மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஓடப் போகும் முன் நார் நிறைந்த கூழைக் குடித்தால் வயிறு கலக்கத்தான் செய்யும். கொடுத்த நேரம் என் தப்பு. இப்போது ஓடி வந்த பிறகு குடிக்கிறான். முதல் வாரம் அரைச் சொம்பு, பிறகு ஒரு சொம்பு. பழகாத குடலுக்கு ஒரேயடியாக ஏற்றக்கூடாது. தேர்வு நாளில் புதுசாக எதையும் தின்னாதே என்றும் சொல்லியிருக்கிறேன். நேரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கூழாலா, பயிற்சியாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நம்ம பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த தடவை சாமையை மில்லுக்கு எடுத்துப் போகும்போது, “உமி போதுங்க, தவிட்டைத் தொடாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.