விளையாட்டு ஒளி விழியைப் பறிக்கலாமா?

தைப்பூசத்தை முன்னிட்டு, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் பத்துமலை நோக்கிப் புறப்படுகையில், சாலையின் இருமருங்கிலும் காத்து நிற்கும் பக்தர்கள் வேண்டுவது கண்குளிரத் தரிசனம் ஒன்றே. அத்தகைய திருவிழாக் கூட்டத்தில் சிறுவர் கைகளில் லேசர் விளக்குகள் விளையாட்டுப் பொருளாக மின்னுவது கவலைக்குரியதாகும்.

லேசர் ஒளி முற்றிலும் தீயதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் 1981-ஆம் ஆண்டு தம் சகாக்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். எக்ஸைமர் லேசரின் புற ஊதாக் கதிர், சுற்றுப்புறத்தைக் கருக்காமல் உயிர்த்திசுவை நுட்பமாகச் செதுக்கியது. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் இணைந்து, அக்கதிர் விழிவெண்படலத்திலும் அவ்வாறே செயற்படுவதை அவர் மெய்ப்பித்தார். சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அப்படலத்தில், ஒரு துடிப்பு அகற்றுவது ஏறத்தாழக் கால் மைக்ரான் மட்டுமே. மூக்குக் கண்ணாடியைத் துறக்க உதவும் லாசிக் சிகிச்சை இவ்வாறே பிறந்தது.

அக்கதிர் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்படுவதால் உள்விழிக்குச் செல்வதில்லை. விளையாட்டு விளக்கின் சிவப்பு, பச்சை ஒளியோ விழிவெண்படலத்தை எளிதில் ஊடுருவும். பின்னர் விழியின் வில்லை அதனைக் குவித்து, விழித்திரையில் ஒரு புள்ளியாகப் பாய்ச்சும். படலத்தில் சிறு கீறல் பட்டாலும் வலி துடிக்க வைக்கும். விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. பழுதடைந்த படலத்திற்குப் பதிலாகக் கொடையாகப் பெற்றதைப் பொருத்தலாம். விழித்திரைக்கு அத்தகைய மாற்று இல்லை.

வலுக்குன்றிய விளக்காயின் இமை தானே மூடிக் காக்கும். ஆனால் 5 மில்லிவாட்டிற்கு மேற்பட்ட விளக்குகளும் விற்பனைக்கு வருகின்றன. விளக்கின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்புவது அறிவுடைமையாகாது. சிறுவர் ஆவலால் ஒளியை உற்று நோக்குவதும் உண்டு.

1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் பணியாற்றி வருகிறது. பார்வையின் அருமையை உணர்த்த வேறு சான்று வேண்டுமோ? கிள்ளானிலும் தலைநகரிலும் உள்ள ஆலய நிர்வாகத்தினர், தங்கள் வளாகத்துக் கடைகளில் இவ்விளக்குகளை விற்க இடந்தரலாகாது. மேடை லேசர் ஒளி மக்களின் தலைக்கு மேலேயே செல்லுமாறு அமைத்தல் வேண்டும். பெற்றோர் இவற்றை வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்தல் வேண்டும். ஒளிபட்ட பின் பார்வையில் கரும்புள்ளி தோன்றினால், வலியில்லையென வாளாவிராது உடனே கண் மருத்துவரை நாடுவதே நலம்.